நான்காம் புலன்

 

போளூரை அடுத்த திருமலையில் 16 அடி உயரத்தில் நின்றருளும் நேமிநாதரை வணங்கி வராத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. அவர் துறவு பூண்ட வரலாற்றை நம் வீடுகளில் குழந்தைகளும் அறிவர். திருமண ஊர்வலம் சென்றுகொண்டிருக்கிறது. விருந்துக்கென்று பட்டியில் அடைத்து வைத்த விலங்குகளின் கதறல் மணமகன் செவியில் விழுகிறது. தேர் திரும்புகிறது. மணக்கோலம் துறவுக்கோலமாகிறது.

அந்த விலங்குகள் கதறின, ஆகவே கேட்டது. கதறாத துன்பம் ஒன்றும் உண்டு. கண்ணோய் கொண்ட மாடு கத்துவதில்லை. ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறது. வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. கன்னத்து மயிரில் கண்ணீர் வழிந்த தடம் கறுத்துக் காய்ந்திருக்கிறது. தீவனம் சற்றுக் குறைகிறது, பாலும் குறைகிறது. வீட்டார் பெரும்பாலும் அந்தப் பால் குறைந்த பிறகே மாட்டின் முகத்தைப் பார்க்கின்றனர். அதற்குள் மூன்று நான்கு நாட்கள் போய்விடுகின்றன. கண் மருத்துவத்தில் அந்த மூன்று நான்கு நாட்களே எல்லாம்.

உயிர்களைப் புலன்களால் வகுத்துப் பார்க்கும் மரபு நமக்குப் புதிதன்று. ஆகமங்கள் ஓரிந்திரிய உயிர் முதல் ஐயிந்திரிய உயிர் வரை எண்ணுகின்றன. தொல்காப்பிய மரபியலும் அதே வரிசையில் மெய், நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறிச் செல்கிறது. இரண்டிலும் கண் நான்காவது. ஈயும் தேனீயும் அந்த நான்காம் படியில் நிற்பவை. பசுவும் நாயும் குதிரையும் ஐந்தாம் படியில் நிற்பவை. ஐயிந்திரிய உயிர் ஒன்று கண்ணை இழப்பது எத்தகைய இழப்பு என்பதை இந்த வரிசையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது வேறு: அந்த இழப்பில் பெரும்பங்கு தடுக்கக்கூடியது என்பது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை, அதிலும் ஓசூர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். வேலை காரணமாக ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம் குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் குடிபெயர்ந்த காலம் இது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொழிற்சாலைகளின் பெயராலேயே ஓசூரை வெளியூரார் அறிவர். ஆனால் அந்த ஊரின் கால்நடை வரலாறு தொழிற்சாலைகளைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. படைக்குத் தேவையான குதிரைகளை வளர்க்க 1824-இல் மத்திகிரியில் தொடங்கிய பண்ணையே இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாகலூர் என்று எத்திசையில் சென்றாலும் கேழ்வரகுக் கொல்லையும் கறவை மாடும் உள்ள வீடுகளைக் காணலாம். கணவன் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போவான். மனைவி இரண்டு மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவாள். மாதக் கடைசியில் வீட்டைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பால்தான்.

இந்த எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. மாட்டைப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு வருபவர் எந்த மொழியில் பேசினாலும் சொல்வது ஒன்றே: கண்ணில் பூ விழுந்துவிட்டது. தமிழில் பூ, தெலுங்கில் புவ்வு, கன்னடத்தில் ஹூவு. கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற கருவிழிப் படலம் வெளுத்துப்போவதைத்தான் மூன்று மொழியினரும் மலர் என்கின்றனர். பார்வையைப் பறிப்பதற்கு இத்தனை அழகான பெயர்! மருத்துவருக்கோ அது பெயரே அன்று. வெளுப்பு ஒன்று, காரணங்கள் பல. புண்ணா, புண் ஆறிய தழும்பா, உள்ளே அழற்சியா, கண்ணின் அழுத்தம் கூடியதா, இல்லை வெளுப்பு கருவிழியில் இல்லாமல் அதற்குப் பின்னால் உள்ள வில்லையில் விழுந்த கண்புரையா என்று பிரித்தறிவதில்தான் வேலை தொடங்குகிறது.

அந்த வேலை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தித் தலையை ஒரு பக்கமாகக் கட்டுகின்றனர். மருத்துவர் உடனே கண்ணைத் தொடுவதில்லை. சற்றுத் தள்ளி நின்று இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு ஒரு விரலைக் கண்ணை நோக்கி மெல்லக் கொண்டுபோகிறார். பார்வை இருந்தால் இமை கொட்டும். கையை வீசினால் காற்று பட்டே இமை கொட்டிவிடும், பார்வை இருப்பதாக ஏமாந்துபோக நேரும். வலியால் இமையை இறுக மூடிக்கொள்ளும் மாட்டின் கண்ணை விரலால் பிரிப்பது எளிதன்று. பலவந்தமாகப் பிரித்தால் மெலிந்த கருவிழி கிழிந்துபோகவும் கூடும். ஆகவே காதுக்கும் கண்ணுக்கும் இடையே ஓடும் இமை நரம்பில் மரத்துப்போகும் ஊசி ஒன்றைப் போடுகின்றனர். சில நிமிடங்களில் இமை தளர்கிறது. கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுகின்றனர். அதன் பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சிறு தாள் துண்டை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்க்கின்றனர். நலமான கருவிழியில் சாயம் ஒட்டாது. புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். கிராமத்து மருந்தகத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

பச்சை தெரிந்தால் அடுத்த கேள்வி, புண் எப்படி வந்தது என்பது. வைக்கோல் நுனி, கேழ்வரகுத் தட்டையின் முனை, பக்கத்து மாட்டின் கொம்பு, ஓட்டும்போது தவறிப் பட்ட சாட்டை. மூன்றாம் இமைக்குள், அதாவது கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்கே வரும் சவ்வுக்கு அடியில், ஒரு வைக்கோல் துணுக்கு நாள்கணக்கில் சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அதை எடுத்த அன்றே மாடு கண்ணைத் திறந்துவிடும்.

புண்ணைவிடக் கொடியது, புண்ணின் மேல் அன்போடு செய்யப்படும் காரியம். புகையிலையை மென்று அச்சாற்றைக் கண்ணில் உமிழ்வோர் இன்றும் உளர். உப்பை மென்று ஊதுவோர் உளர். படித்த குடும்பங்கள் இவற்றைச் செய்வதில்லை. அவர்கள் மருந்துக் கடைக்குப் போய், வீட்டில் யாருக்கோ முன்பு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையே வாங்கி வருகின்றனர். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. சிவப்பு உடனே தணியும், வீட்டார் மகிழ்வர். புண் உள்ள கருவிழியில் ஸ்டீராய்டு விழுந்தால் அது ஆறும் திறனை இழந்து, மெழுகு உருகுவதுபோல் கரையத் தொடங்கும். ஒரு புள்ளியளவில் இருந்த புண் சில நாட்களில் துளையாகிவிடும். புகையிலைச் சாற்றுக்கும் இந்தச் சொட்டு மருந்துக்கும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. தன் வீட்டுப் பசுவுக்கு நன்மை செய்வதாக எண்ணியே இரண்டையும் செய்கின்றனர் என்பதுதான் மனத்தை வருத்துவது.

இவ்விடத்தில் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும் முறையை எண்ணிப் பார்க்கலாம். உயிருக்கு ஊறு விளைவித்தல் என்று மட்டும் அது சொல்லி நிறுத்தவில்லை. அந்த ஊறு பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், நிகழ்வதை முன்வைக்கிறது. கொல்லாமல் இருப்பதில் நம்மவர் தேர்ந்தவர். கவனிப்பதில் தேர்ந்தவரா என்பது தனிக் கேள்வி.

உரிய காலத்தில் வந்த புண்ணுக்கு மருத்துவம் எளிது. கரையத் தொடங்கிய கருவிழிக்கும் ஒரு வழி உண்டு. அந்த மாட்டின் இரத்தத்தையே சிறிது எடுத்து, அது உறைந்த பின் மேலே தெளியும் நீரைச் சொட்டு மருந்தாகக் கண்ணில் விடுகின்றனர். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது அடக்கும். இதற்குச் செலவு ஏறத்தாழ இல்லை. ஆனால் மணிக்கொரு முறை விட ஒருவர் வேண்டும். அது இயலாதபோது மூன்றாம் இமையை இழுத்து மேலிமையோடு தைத்து, புண்ணுக்கு மாட்டின் சொந்தத் தசையையே கட்டுத்துணியாக ஆக்கிவிடுகின்றனர். இரண்டு வாரம் போலக் கழித்துத் தையலைப் பிரிக்கும்போது உள்ளே கண் இருக்கும். மங்கலான தழும்போடு இருக்கலாம்; ஆயினும் இருக்கும்.

ஒரே தொழுவத்தில் இரண்டு மூன்று மாடுகளுக்கு அடுத்தடுத்துக் கண் சிவந்து நீர் வழிந்தால் அது காயமன்று, தொற்று. மொராக்செல்லா என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். ஈக்கள் ஒரு மாட்டின் கண்ணீரை உண்டு, அடுத்த மாட்டின் கண்ணில் போய் அமர்கின்றன. கடும் வெயிலும் புழுதியும் நோயைக் கூட்டுகின்றன. சாலை விரிவாக்கமும் கல் குவாரியும் உள்ள பக்கங்களில் புழுதிக்குப் பஞ்சமில்லை. இந்த ஈயும் கண்ணுடைய உயிர்தான் என்பதை நம் பெரியோர்கள் நினைவூட்டுவர். அவர்கள் நினைவூட்டுவது சரியே. மருத்துவர் முதலில் சொல்லும் அறிவுரையும் ஈயைக் கொல்வதன்று: சாணத்தை அன்றாடம் அள்ளித் தொலைவில் குவித்தல், மூத்திரம் தேங்காமல் தரையைச் சரித்துப் போடுதல், நோயுற்ற மாட்டைத் தனியே நிழலில் கட்டுதல். ஈ பெருக இடம் கொடாமல் இருப்பது, பெருகிய பின் நஞ்சு தெளிப்பதைவிட மேலான மருத்துவம். நுண்ணுயிரை ஒடுக்க ஊசி போடத்தான் வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்க வழியில்லை.

இன்னொரு குருடு உணவிலிருந்து வருகிறது. மேய்ச்சல் நிலம் மனைப் பிரிவாகவும் ஆலையாகவும் மாறிய இடங்களில் மாடு ஆண்டு முழுதும் கட்டுத்தறியிலேயே நின்று காய்ந்த வைக்கோலைத் தின்கிறது. பச்சை இல்லையெனில் வைட்டமின் ஏ இல்லை. முதலில் அந்தியில் தடுமாறும். கன்று தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொள்ளும். இந்நிலையில் கவனித்தால் ஊசியும் பசுந்தீவனமும் பார்வையை மீட்டுத்தரும். கவனிக்காமல் விட்ட சினைமாட்டுக்குக் கன்று பிறவிக் குருடாகப் பிறப்பதும் உண்டு. கண் நரம்பு செல்லும் எலும்புக் குழாய் குறுகி நரம்பை நெரித்துவிடுவதால், பின்னர் எவ்வளவு ஊசி போட்டாலும் பயனில்லை. பசுமடங்களுக்குத் தீவனம் வழங்கும் அன்பர்கள் வைக்கோல் போரோடு ஒரு கட்டுப் பச்சைப் புல்லையும் சேர்த்துக் கொடுத்தால், அது ஆகார தானமாகவும் ஔஷத தானமாகவும் ஒருங்கே அமையும்.

குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டின் வயிற்றறையில் தொல்லை தராமல் வாழும் நூல் போன்ற செட்டாரியா என்னும் புழுவின் இளம்பருவத்தைக் கொசு குதிரைக்குக் கடத்தும்போது, அது வழி தவறிக் கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில் வெள்ளைப் புழு நெளிந்து நீந்துவதை வெளியில் நின்றே காணலாம். குதிரையை மயக்கத்தில் படுக்க வைத்து, கருவிழியின் ஓரத்தில் சிறு துளையிட்டால், நீரோடு புழுவும் வெளியே வந்துவிடும். நம் நாட்டுக் குதிரை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த சிகிச்சை இது.

நாய்களின் கதை வேறு. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதும் ஓசூரிலும் பெங்களூர் மோகம் பரவி, தட்டை முக நாய்கள் வந்துவிட்டன. பக் இனத்து நாயின் கண்குழி ஆழமற்றது. தெருநாய் ஒன்று கவ்வி உதறினால் விழியே இமைக்கு வெளியே பிதுங்கி வந்துவிடும். அழகென்று மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த முகத்துக்கு நாய் கொடுக்கும் விலை அது. அவ்வேளையில் செய்யத்தக்கது ஒன்றே: சுத்தமான ஈரத் துணியால் விழியை மூடி, காயாமல் காத்து, அந்த மணிநேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தல். உண்ணியால் பரவும் எர்லிச்சியா நோயில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து ஒரே இரவில் நாய் குருடாவதும் உண்டு. அங்கே கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டால் போதாது. நோய் இரத்தத்தில் இருக்கிறது.

நீரிழிவு கொண்ட நாய்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை விரைந்து வருகிறது. இதற்கு மனிதருக்குச் செய்வதுபோலவே மிகுஒலி அலையால் புரையைக் கரைத்து உறிஞ்சிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவை உண்டு. மனிதக் கண்ணுக்கு 20 டயாப்டர் அளவிலான வில்லை போதும். நாயின் கண்ணுக்கு 41 டயாப்டர் வேண்டும். அறுவைக்கு முன் விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று மின்பதிவு எடுத்துப் பார்க்க வேண்டும். திரை செத்திருந்தால் வில்லை மாற்றுவது வீண். இவ்வளவு நுட்பமான வேலை எல்லா ஊரிலும் நடவாது. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரியில் வளர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண்ணுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஓசூரிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நாமக்கல் கல்லூரி 200 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கல்லூரியே அருகில்; மாநிலம்தான் வேறு. நாயை மகிழுந்தில் வைத்து எங்கும் கொண்டுபோகலாம். நானூறு கிலோ எடையுள்ள பசுவை அவ்வாறு கொண்டுபோக இயலாது. ஆகவே மாட்டின் கண்ணைப் பொறுத்தவரை, அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகமே கண் மருத்துவமனை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியும் அவ்வாறே.

இனி, நம் வீடுகளிலேயே வாக்குவாதம் எழுப்பும் செய்திக்கு வருவோம். கலப்பினப் பசுக்களுள் சிலவற்றுக்கு இமையோரம் நிறமின்றி வெளுத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு, அங்கே அல்லது மூன்றாம் இமையில் மருப்போல் சிறு வளர்ச்சி தோன்றும். மிளகு அளவில் இருக்கும்போது அதை மட்டும் வெட்டி எடுத்தால் கண் பிழைக்கும். அது புற்று. விட்டுவிட்டால் காலிஃபிளவர்போல் பெருத்து, அழுகி, ஈ மொய்த்து, எலும்புக்குள் இறங்கும். அந்நிலையில் மருத்துவர் கண்ணையே அகற்ற வேண்டும் என்கிறார். அப்போது பெரியவர்கள் தயங்குகின்றனர். தயக்கத்துக்குச் சாத்திரச் சான்றும் இருக்கிறது: அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் சேதம், அதாவது விலங்கின் உறுப்பை வெட்டுதல், ஒன்று. பசுவின் கண்ணை அறுக்கச் சம்மதம் தருவது விரதபங்கம் ஆகாதா?

இந்தத் தயக்கத்தை எள்ளி நகைப்பது தவறு. விடை வெளியில் இல்லை. நம் நூலிலேயே இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்துக்கு சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூஜ்யபாதர், துறவி ஒருவரின் கட்டியை அருள் உள்ளத்தோடு அறுக்கும் மருத்துவரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். வலி உண்டாகிறது, ஆயினும் அந்த மருத்துவரைப் பாவம் பற்றுவதில்லை. கருநாட்டில் வாழ்ந்த அந்த ஆசாரியர் காட்டிய மருத்துவர், ஓசூர் மருந்தகத்தில் இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்நியர் அல்லர். அறுவையின்போது பசு நின்றுகொண்டேதான் இருக்கிறது. விழிக்குப் பின்னால் மரப்பு ஊசி போட்டிருப்பதால் வலி அறிவதில்லை. மறுநாளே பல பசுக்கள் முன்னைவிட நன்றாகத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. எவ்வளவு வலியைச் சுமந்துகொண்டு அது பேசாமல் நின்றது என்பதை அப்போதுதான் வீட்டார் உணர்கின்றனர்.

உண்மையான இடர் அறுவைக்குப் பின் வருகிறது. அதைச் சந்தையில் காணலாம். ஒற்றைக் கண் மாட்டுக்கு விலை பாதியாகச் சரிகிறது. நல்ல வளர்ப்பாளர் வாங்குவதில்லை. வாங்குபவர் எங்கே கொண்டுபோவார் என்பது எல்லாருக்கும் தெரியும். பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்தின் மேல் பழி சுமத்துவது எளிது. தீவனச் செலவை ஏற்பது கடினம். ஆனால் ஒற்றைக் கண் மாடு கறக்கும், சினை பிடிக்கும், கன்று ஈனும். பசுவின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 330 பாகை வரை காண்பவை. ஒன்று போயினும் மற்றதைக் கொண்டு தன் தொழுவத்தில் அது தடுமாறாமல் வாழ்ந்துவிடும். இந்தச் செய்தியை விற்க நினைக்கும் வீட்டாரிடம் ஒருவர் போய்ச் சொல்வதும், முதல் இரண்டு மாதத் தீவனத்துக்கு அறக்கட்டளை ஒன்று துணை நிற்பதும் சேர்ந்தால், அதுவே அபய தானம். சென்னை அயனாவரத்தில் 1906-இல் பிஞ்சராப்போல் நிறுவிய பெரியோர்களும், தில்லி லால் மந்திரில் பறவைகளுக்கு மருத்துவமனை அமைத்தவர்களும் இப்பணியின் பெரிய வடிவங்களைச் செய்து காட்டினர். சிறிய வடிவத்துக்குக் கட்டடமே வேண்டியதில்லை. சாயத் தாள், சொட்டு மருந்து, தையல் நூல், 'சின்ன யானை' வண்டியின் வாடகை ஆகியவையே பல வேளைகளில் குறையாக நிற்கின்றன.

கண் அகற்றிய பசுவை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் வீட்டு அம்மாளிடம் சில செய்திகளைச் சொல்லி அனுப்புவது வழக்கம். பதினைந்து நாளுக்குள் தையல் பிரிக்க வர வேண்டும். புண்ணில் ஈ உட்காரவிடக் கூடாது. கண் இல்லாத பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி கட்ட வேண்டும். மற்ற மாடுகள் அப்பக்கம் வந்து முட்டாமல் இருக்கும். கறக்கப் போகும்போது கண் உள்ள பக்கமாகவே போக வேண்டும். அந்தப் பக்கம் போக முடியாவிட்டால், தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.